மச்சானின் கறுப்பு டயல்

என் தங்கை புருஷன் கேலன் நோல்ட் அந்தப் பெட்டியை ஏலம் எடுத்தது அதில் கிடந்த மீன் தூண்டில் சுருளுக்காக. கடிகாரத்துக்காக எடுத்திருந்தால்கூட என் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது.

மார்ச் மாதம். தீயணைப்பு நிலையத்துக்குப் பணம் திரட்ட எங்கள் பக்கத்தில் வருஷா வருஷம் நடக்கும் சேற்று ஏலம். பனி உருகி வயலெல்லாம் குழம்பாகக் கிடக்கும். ஒரு காலை எடுத்தால் பூட்ஸ் உள்ளேயே நின்றுவிடும். பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் சமூகத்துப் பெண்கள் தைத்த போர்வைகள் ஒரு கூடாரத்தில், குதிரை வண்டிகள் இன்னொரு பக்கத்தில், யாருக்கும் பேர் தெரியாத சாமான்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக ஒரு வைக்கோல் வண்டியின்மேல். நானும் கேலனும் பதினொரு வருஷமாகச் சேர்ந்தே போகிறோம். பழைய கைக்கடிகாரம் தேடித்தான்.

காலை ஏழு மணிக்கே நான் அந்தப் பெட்டியைக் கிளறிவிட்டேன். சட்டைப் பொத்தான்கள், துருப்பிடித்த சாவிகள், முள் இல்லாத அலாரம் கடிகாரம் ஒன்று, தூண்டில் சுருள், ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு. கூட்டை நான் திறக்கவில்லை. கண்ணாடிக் கூட்டில் கண்ணாடிதானே இருக்கும் என்று அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன். மத்தியானம் கேலன் பதினொரு டாலருக்கு அதை எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"சுருள் சூப்பரா இருக்கு மச்சான். ட்ரவுட் மீன் சீசனுக்கு ஆச்சு."

சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சமையலறையில் என் தங்கை அர்லீன் கோழியும் சோளமும் போட்ட சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கேலன் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தான். கூடு உருண்டு வந்து என் கிண்ணத்தில் இடித்து நின்றது. அவன்தான் திறந்தான்.

"அட, வாட்ச்! மச்சான், இது என்னன்னு பாரேன்."

பார்த்தேன். நீள்சதுரமான ஹாமில்டன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எங்கள் லங்காஸ்டரில் செய்தது. கறுப்பு டயல், தங்க நிற எண்கள். அந்தக் கறுப்பில் ஒரு மூலையில் மட்டும் பொடிப்பொடியாக வெளிறிய புள்ளிகள். வார் மக்கிப் போயிருந்தது. சாவி கொடுத்துப் பார்த்தேன். சின்ன முள் ஓட ஆரம்பித்தது.

இந்தக் கடிகாரத்தை நான் எவ்வளவு காலமாகத் தேடுகிறேன் என்று கேலனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஆசைப்படுவதை வெளியே சொன்னால் விலை ஏறிவிடும் என்று ஒரு பயம் எனக்கு. பழைய விற்பனைப் பட்டியலில் அதன் படம் இருக்கும் பக்கம் என் கை பட்டுப் பட்டு ஓரம் நைந்துவிட்டது. பக்கத்துக் கொலம்பியா ஊர்க் கடிகார மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். விற்பனைக்கு வந்தாலும், நல்லது என்றால் என் கைக்கு எட்டாது. எட்டுவது என்றால் டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து அசலை அழித்திருப்பார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"அவ்ளோதானா? உன் முகம் ஏன் இப்படிப் போகுது?"

"சூப் சுடுது மாப்ள."

அர்லீன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரொட்டியை நகர்த்தி வைத்தாள்.

கேலன் எப்படிப்பட்டவன் என்று சொல்லியாக வேண்டும். மாட்டுத் தீவன லாரி ஓட்டுகிறான். பண்ணைக்குப் பண்ணை நின்று பேசுவான். போகிற இடமெல்லாம் யாராவது கையில் ஒரு துண்டு 'பை', அதுதான் மாவுக்குள் பழமோ பாகோ வைத்துச் சுடுகிற பண்டம், திணித்து அனுப்புவார்கள். அவனுக்கு ஐம்பது வயதானபோது ஒரு பழைய டைமெக்ஸ் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்து இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே நான்தான். ஒரு புத்தகம் புரட்டமாட்டான். கடிகாரத்தின் நம்பர் பார்க்கத் தெரியாது. ஆனால் பழைய கோட்டு வாங்கினால் அதன் பைக்குள் புலோவா கடிகாரம் இருக்கும். குழந்தை நாற்காலி வாங்கினால் அதன் அடியில், அட்டைப்பெட்டியோடு, கட்டாத டைமெக்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கோ அலமாரி நிறையப் பட்டியல்கள், கண்ணுக்குப் பூதக்கண்ணாடி லென்ஸ், குறிப்பேடு, விடியுமுன் எழுந்து வீட்டு முற்றங்களில் நடக்கும் பழைய சாமான் விற்பனைகளுக்கு ஓட்டம். கிடைப்பது என்னவோ அவனுக்கு.

எங்கள் பழைய கடிகாரச் சங்கத்தில் ஒன்பது பேர். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை, நூலகத்தின் பின்னறையில் கூடுவோம். நூறு டாலருக்குள் வாங்கிய கடிகாரமாக இருக்க வேண்டும், அசலாக இருக்க வேண்டும். இந்த இரண்டுதான் விதி. ஒவ்வொரு கடிகாரத்துக்கும் முன்னால் ஒரு காகிதக் கோப்பை வைப்போம். அவரவருக்குப் பிடித்ததன் கோப்பையில் ஒரு காய்ந்த சோள மணியைப் போட வேண்டும், தன்னுடையதற்குப் போடக்கூடாது. அதிகம் விழுந்தவருக்குப் பரிசு, அந்த மாதம் சுட்டுக் கொண்டுவந்த 'பை'. ஆறு வருஷத்தில் அதிகப் பை வாங்கியவன் நான். சிரிப்பாக இருக்கலாம். தோட்டக் கருவிக் கடையில் மண்வெட்டி விற்கிற தனிக்கட்டைக்கு அது சிரிப்பில்லை. அந்த அறைக்குள் போனால், "மெர்ல் எஷில்மன் வந்தாச்சு, அவர்கிட்டயே கேட்டுடலாம்," என்பார்கள். வேறெங்கும் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஏப்ரல் கூட்டத்துக்குக் கேலன் அந்த ஹாமில்டனைக் கொண்டுவந்தான். நான் மூன்று மாதம் அலைந்து பிடித்த ஒரு எல்ஜின் கடிகாரத்தை எடுத்துப் போயிருந்தேன். எனக்குத் தெரிந்தவரை அப்படியொரு எல்ஜின் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் கேலன் பக்கம் மொய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தூண்டில் சுருளுக்கு இலவசமா வந்துதா! உங்க கையில என்ன மச்சம் இருக்கு, காட்டுங்க," என்றாள் ஃபெர்ன். அவள்தான் சங்கத்துக் கணக்கப்பிள்ளை, புகைப்படக்காரி எல்லாம். வந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியில் வைத்துப் பெரிய கேமராவில் படம் எடுத்து ஆல்பத்தில் ஒட்டுவாள்.

"எனக்கென்ன தெரியும்மா? நான் மீன் பிடிக்கிறவன்," என்றான் கேலன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஃபெர்ன் கோப்பைகளைக் கவிழ்த்தாள். வந்திருந்தவர்கள் எட்டுப் பேர். கேலனின் கோப்பையிலிருந்து ஏழு மணிகள் உருண்டன, அவற்றில் ஒன்று நான் போட்டது. பொறாமை இருந்ததே தவிர, அதுவரை அது என்னைப் பொய் சொல்ல வைக்கவில்லை. என் கோப்பையில் ஒரே ஒரு மணி. அது யாருடையது என்று யோசிக்கவே வேண்டாம். கேலன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அந்த ஒற்றை மணிதான் என்னைக் கெடுத்தது. அதுவும் விழாமல் இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

"ஒரு நிமிஷம்," என்றேன். லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு ஹாமில்டனை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். எழுத்துகள் முடி மாதிரி மெலிசாக, ஓரம் கலையாமல் இருந்தன. பெயின்ட் அடிப்பவர்கள் டயலின் ஓரத்தில் அடையாளத்துக்கு ஒரு வெட்டு வைப்பதுண்டு. அப்படி எதுவும் இல்லை. தொண்ணூறு வருஷத்து அசல் கறுப்பு. மற்றவர்கள் நெருங்கி வந்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

"மன்னிச்சுக்கோ மாப்ள. டயல் பெயின்ட் அடிச்சது. எழுத்து தடிச்சிருக்கு."

"அய்யோ, அப்படியா?" என்றாள் ஃபெர்ன்.

"கறுப்புல பத்துக்கு ஒன்பது அப்படித்தான். நல்லா அடிச்சிருக்காங்க, அதான் தெரியலை."

யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுக்கக்கூடிய ஒரே ஆள் ஐவன் ஷெர்க்; ஐம்பது வருஷம் கடிகாரம் பழுதுபார்த்தவர். அவர் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் படுத்திருந்தார்.

அசல் இல்லை என்றால் போட்டியில் நிற்காது. ஒற்றைச் சோள மணியோடு நான் ஜெயித்தேன். கேலனே பையை எடுத்து என் கையில் வைத்தான். "உனக்குத்தான் மச்சான் இது. நல்லவேளை நீ பாத்த, இல்லேன்னா நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருப்பேன்." வெல்லப்பாகு பை. வீட்டில் அதைத் துண்டு போட்டேன். நன்றாகவே இருந்தது. இரண்டு துண்டு தின்றேன். குற்ற உணர்ச்சியில் தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் சொன்னால் அது இன்னொரு பொய்.

பத்து நாள் கழித்து, கேலன் இரவல் கேட்டிருந்த ஏணியைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. கேலன் அதற்குள் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தான்.

"நல்ல நேரத்துல வந்த. அந்த வாட்சைத்தான் அனுப்பறேன். எப்படியும் எவனோ பெயின்ட் அடிச்ச டயல்தானே? அந்தப் புள்ளியோட எதுக்குக் கிடக்கணும்? புதுசா, பளபளன்னு அடிச்சுக் குடுக்கிற ஆள் இருக்காராம். அர்லீன் கண்டுபிடிச்சா."

"எங்க கல்யாண நாளுக்குள்ள வந்துடும்ணா," என்றாள் அர்லீன். "இவர் அதைக் கட்டிக்கிட்டு வந்தா நல்லா இருக்கும்ல?"

அந்தப் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுப் பூச்சு அடிப்பார்கள். அது எனக்குத் தெரியும், அவர்கள் இருவருக்கும் தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'இன்னொரு தடவை பாக்கிறேன், கொடு' என்று சொல்லியிருந்தால்கூடப் போதும், கௌரவமும் கெட்டிருக்காது. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. இது அழிந்துவிட்டால் அப்புறம் அவனிடமும் இருக்காது.

"இந்த டேப்பைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ மச்சான்," என்றான் கேலன்.

விரலை வைத்து அழுத்திப் பிடித்தேன். அவன் ஒட்டினான்.

ஜூன் முதல் வாரம் கடிகாரம் திரும்பி வந்தது. கறுப்பு கார் போனெட் மாதிரி மின்னியது. எண்கள் தடித்திருந்தன, நான் பொய்யாகச் சொன்னது அப்படியே மெய்யாகியிருந்தது. கேலன் புதுத் தோல் வார் போட்டுக் கட்டிக்கொண்டு, கல்யாண நாள் விருந்தில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கையை நீட்டினான். எனக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. பாழாகிப்போன ஒன்றைக் கட்டிக்கொண்டும் ஒருவனால் இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடிகிறதே என்று இப்போது அதுவும் பொறுக்கவில்லை. என் அலமாரியில் நாற்பத்தாறு கடிகாரங்கள் இருக்கின்றன, எல்லாமே அசல். ஒன்றையாவது நான் யாரிடமும் அப்படிக் கை நீட்டிக் காட்டியதில்லை.

அந்த மாதக் கூட்டத்துக்கு ஐவன் கைத்தடி ஊன்றி வந்தார். விட்டுப்போன மாதங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆல்பத்தை வாங்கிப் புரட்டினார். ஏப்ரல் பக்கத்தில் அவர் கை நின்றது. சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துப் படத்தின்மேல் வைத்துக் குனிந்தார்.

"இது யாருது?"

"என்னுதுதான் ஐவன்," என்று கேலன் கையை நீட்டினான். "இப்ப பாருங்க, எப்படி ஆக்கிட்டேன்!"

ஐவன் படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "அடப்பாவி. அசல் டயலைப்போய் சுரண்டிட்டியேடா!"

"அசல் இல்லையே. அதுவும் பெயின்ட் அடிச்சதுதான்."

"எவன் சொன்னான்? இந்த எழுத்தைப் பாரு. இப்படி இப்ப யாரால எழுத முடியும்? ஃபெர்ன், நீ வந்து பாரு. கண்ணு தெரியாதவன்கூடச் சொல்லுவான்."

ஃபெர்ன் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். காபிக் கோப்பையோடு நின்றிருந்தேன்.

"மெர்ல்தான் சொன்னாரு," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

கேலன் உடனே குறுக்கே வந்தான். "சரி விடுங்க. தப்பாப் பாத்திருப்பான். அவனும் மனுஷன்தானே? அன்னைக்கு வெளிச்சம் வேற கம்மி. வயசாகுதுல்ல, கண்ணு மங்கியிருக்கும். பரவால்ல மச்சான், எனக்கு இதுவே பிடிச்சிருக்கு."

அவன் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எட்டு முகங்களில் வந்த அந்தப் பரிதாபத்தை என்னால் தாங்க முடியவில்லை. பாவம், எஷில்மனுக்குக் கண் போய்விட்டது. இனி இந்த அறையில் என்னிடம் யார் எதைக் கேட்பார்கள்?

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றேன். "நான் தப்பாப் பாக்கல. அசல்னு அன்னைக்கே தெரியும்."

நல்ல மனசு உறுத்தி ஒப்புக்கொண்டதாகப் பின்னால் சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. வெறும் வீம்பு. திருடன் என்றாலும் சொல்லட்டும், குருடன் என்று சொல்லிவிடக் கூடாது.

கேலனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

"தெரிஞ்சேவா சொன்ன?"

"ஆமா."

"ஏன்?"

"உனக்குக் கிடைச்சுதே, அதான்."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். அவன் கொடுத்திருக்கக் கூடியவன்தான். அப்படிச் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்த டேப்பை நீதானே பிடிச்ச," என்றான். அவ்வளவுதான். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. ஐவன் ஆல்பத்தை மூடினார். ஃபெர்ன் கணக்குப் புத்தகத்தில் ஏப்ரல் மாதத்துக்கு நேரே என் பெயரை அடித்துவிட்டுக் கேலன் பெயரை எழுதினாள்.

அன்று சாயங்காலம் அர்லீன் போன் செய்தாள்.

"அவர் ஒண்ணும் சொல்லமாட்டார். அதனால நான் சொல்றேன். சின்ன வயசுலேர்ந்து நீ உன் தட்டைப் பாத்துச் சாப்பிட்டதே இல்ல. என் தட்டுல எத்தனை துண்டு விழுதுன்னுதான் பாப்ப. அம்மா சரிசமமாத்தான் போட்டாங்க, உனக்கு நம்பிக்கையே வராது. இப்ப அவர் தட்டையா?"

"அர்லீன், நான் வந்து அவன்கிட்ட..."

"வராதே. கொஞ்ச நாள் வராதே."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

என்னிடம் இருந்ததிலேயே நல்லதான எல்ஜினை ஒரு டப்பாவில் போட்டு அவர்கள் வீட்டுத் தபால்பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் அது என் கடைக் கவுண்டரில் இருந்தது. கேலன் கொண்டுவந்து கொடுத்ததாகக் கூட வேலை செய்கிறவர் சொன்னார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'எனக்கு வேண்டாம். இது உன்னுது.' கோபமாக எழுதியது போலவும் இல்லை.

ஜூலைக் கூட்டத்துக்கு அவன் வரவில்லை. நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அந்த அறையை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது. ஒருவரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. ஆகஸ்டில் கேலன் வந்தான். "என்ன மச்சான்," என்றான், பழைய குரலில் முக்கால்வாசி இருந்தது. கையில் அதே ஹாமில்டன். யாராவது அதைப் பாராட்டினால் அவனே முந்திக்கொண்டு, "பெயின்ட் அடிச்ச டயல்தாங்க," என்று சொல்லிவிடுகிறான். அதில் எனக்கு ஊசி வைத்திருக்கிறானா என்று முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். இல்லை. உள்ளதைச் சொல்கிறான், அவ்வளவுதான்.

செப்டம்பரில் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் அவன் ஒரு டோஸ்டர் வாங்கினான். அந்த அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு செய்கோ கடிகாரம். எழுபதுகளில் வந்தது, பச்சை டயல், கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. கூட்டத்தில் அதை நேராக ஐவன் கையில் கொடுத்தான். ஐவன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க, சுற்றிலும் தலைகள் குனிந்தன. நான் நாலடி தள்ளி நின்றேன். அங்கிருந்தே தெரிந்தது, நல்ல பொருள். பழகிய அந்தச் சூடு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. எல்லாம் நடந்து முடிந்த பிறகும், இவ்வளவு அசிங்கப்பட்ட பிறகும், அது கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்தது எனக்கே ஆச்சரியம்.

"நான் பாக்கலாமா மாப்ள?" என்றேன்.

ஐவன் நிமிர்ந்து கேலனைப் பார்த்தார். கேலன் ஐவனிடமிருந்து அதை வாங்கினான். ஒரு தடவை புரட்டிப் பார்த்தான்.

"பாரு," என்று என் உள்ளங்கையில் வைத்தான். "ஆனா ஒண்ணும் சொல்லாதே."

நான் லென்ஸை எடுக்கவில்லை. வெறும் கண்ணாலேயே பார்த்தேன். அசையும்போது பச்சை கறுப்பாகி மறுபடி பச்சையானது. உள்ளே சக்கரம் சுழல்வது கைக்கு லேசாகத் தெரிந்தது. எனக்குக் கிடைத்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே, ஒன்றும் சொல்லாமல், அதை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.